கடைசி வருட மாணவர்களுக்கு ஆறு மணி நேரம் கிடைத்திருக்கிறது, எதைச் சொல்லித் தருவது?

கரும்பலகை (கேள்வி)

வணக்கம். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள். பணத்தைப் பற்றிப் பேச எனக்கு இருக்கும் ஒரே தகுதி, மாதக் கடைசியில் அதை எண்ணிப் பார்ப்பது. துறைக் கூட்டத்தில் யாரும் கை தூக்கவில்லை, என் பெயரை எழுதிவிட்டார்கள். கடைசி வருடப் பிள்ளைகளுக்கு 'படிப்புக்குப் பிறகு' என்ற தலைப்பில் ஆறு வகுப்புகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். பணமும் வரவேண்டுமாம், வேலையும் வரவேண்டுமாம்.

போன வருடமும் நான்தான் நடத்தினேன். வெளியிலிருந்து ஆட்களை அழைத்தேன். ஒருவர் முதலீடு பற்றிப் பேசினார். இருபத்தைந்து வயதில் தொடங்கினால் அறுபதில் எவ்வளவு சேரும் என்று மேலே ஏறிக்கொண்டே போகும் ஒரு கோட்டைத் திரையில் காட்டினார். இன்னொருவர் நேர்காணலுக்கு எப்படி உள்ளே நுழைவது, எப்படி உட்காருவது என்று நடித்தே காட்டினார். கைதட்டல் பலமாக இருந்தது. கருத்துத் தாளில் எல்லோரும் 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக் கொடுத்தார்கள். நானும் கோப்பில் கட்டி அலமாரியில் வைத்துவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து, அந்த வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்த பையன் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றான். வேலை கிடைத்திருக்கிறது, சம்பளமும் மோசமில்லை. ஆனால் முகம் சரியில்லை. கைபேசியை நீட்டினான். கடன் அட்டைக் கணக்கு. மேலே சின்ன எழுத்தில் மொத்த நிலுவை, அதற்குக் கீழே பெரிய பச்சைப் பொத்தானில் 'குறைந்தபட்சத் தொகை'.

"ஒரு மாசம்கூடத் தவறவிடலை மேடம். தேதி தவறாம பச்சையைத்தான் அழுத்துறேன். ஆனா இது இறங்கவே மாட்டேங்குது" என்றான்.

தான் ஏதோ சரியாகச் செய்துகொண்டிருக்கிறோம், எதிர்ப்பக்கம்தான் கணக்கில் பிசகுகிறது என்று நம்பி வந்திருக்கிறான். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மாதம் 3 சதவீத வட்டி. குறைந்தபட்சத் தொகை என்பது நிலுவையில் 5 சதவீதம். எளிதாக இருக்கட்டும் என்று கடனை 10,000 என வைத்துக்கொண்டோம். இனி அந்த அட்டையில் எதுவுமே வாங்குவதில்லை என்றும் வைத்துக்கொண்டோம் (அவன் வாங்கிக்கொண்டுதான் இருந்தான், அது வேறு). ஒவ்வொரு மாதமும் வட்டி சேர்ந்து 1.03 மடங்காகிறது, பிறகு 5 சதவீதம் போய் 0.95 மடங்காகிறது. இரண்டையும் பெருக்கினால் 0.9785. அதாவது மாதம் முடிந்தால் கடனில் இரண்டே சொச்சம் சதவீதம்தான் கரைகிறது. ஒரு வருடத்தில் ஏறத்தாழ 5,500 கட்டியிருப்பான். மீதம் நிற்பது 7,700. கடன் பாதியாவதற்கே 32 மாதம்.

'பாதியாவதற்கு' என்று எழுதும்போதுதான் பேனா நின்றது. இது அரை ஆயுட்காலம். கதிரியக்கம் நடத்தும்போது அவனுக்கு நான் சொல்லித் தந்த அதே சூத்திரம். தேர்வில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் அவன்.

இப்போது என் கேள்வி. ஆறு மணி நேரத்தில், எட்டு மாதம் கழித்தும் கையில் நிற்கிற மாதிரி எதைத் தரலாம்? தலைப்புப் பட்டியல் வேண்டாம், என்னிடமே பதினொன்று இருக்கிறது. உங்கள் முதல் வேலையில் நீங்கள் எங்கே இடறினீர்கள், அப்போது யாராவது என்ன காட்டியிருந்தால் இடறாமல் இருந்திருப்பீர்கள் என்று சொன்னால் போதும்.

சம்பளப்பட்டியல்

மேடம், பத்தொன்பது வருடமாக ஊழியர் சம்பளக் கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். புதுப் பிள்ளைகள் சேர்ந்த மாதம் சம்பளம் போட்ட மறுநாள் என் மேசைத் தொலைபேசி ஓயாது. எல்லோருக்கும் ஒரே கேள்வி: "சார், குறைச்சுப் போட்டிருக்கீங்க."

அவர்கள் செய்வது ஒரே தப்பு. வேலைக் கடிதத்தில் இருக்கும் ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து, அதுதான் கைக்கு வரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த ஆண்டுத் தொகைக்குள் என்னென்ன ஒளிந்திருக்கும்? ஓய்வுக்கால நிதிக்கு நிறுவனம் தன் பங்காகக் கட்டுவது இருக்கலாம். காப்பீட்டுக்குக் கட்டுவது இருக்கலாம். வருடக் கடைசியில் 'செயல்திறனைப் பொறுத்து' தரப்போகிற தொகை இருக்கலாம், அது வரும், வராமலும் போகும். மிச்சத்தில்தான் வரி பிடித்து, ஊழியர் பங்கு பிடித்து, கையில் ஒன்று விழும்.

ஒருமுறை ஒரு பெண் அழுத கண்ணோடு வந்தது. பன்னிரண்டால் வகுத்த கணக்கை நம்பி வாடகை வீட்டுக்கு முன்பணம் கொடுத்து ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டது. நான் சம்பளச் சீட்டை மேசையில் வைத்து, அதன்மேல் ஓர் அடிக்கோலை வைத்தேன். முதல் வரிக்குக் கீழே கோல். "இது என்ன, வாசிம்மா." வாசித்தது. கோலை ஒரு வரி இறக்கினேன். "இது?" இப்படியே கடைசி வரி வரை வந்தோம். பதினாலு வரி. நாலாவது வரியிலேயே அழுகை நின்று, "சார், நான் பதினொன்றாம் தேதிதானே சேர்ந்தேன்?" என்று கேட்டது. ஆமாம், முப்பது நாள் மாதத்தில் இருபது நாளுக்குத்தான் சம்பளம், மூன்றில் இரண்டு பங்கு. பாதிப் பள்ளம் அங்கேதான் இருந்தது. மீதிப் பள்ளம் பன்னிரண்டால் வகுத்தது.

அதனால் நீங்கள் பேச்சாளரை அழைக்காதீர்கள். பெயரை அழித்த ஒரு சம்பளச் சீட்டையும் ஒரு வேலைக் கடிதத்தையும் நகலெடுத்து ஆளுக்கொன்று கொடுங்கள். அடிக்கோலும் கொண்டுவரச் சொல்லுங்கள். சிரிக்க வேண்டாம், கோல் இருந்தால்தான் கண் வரியைத் தாண்டாது.

வேலைக் கடிதத்தை யாராவது ஒருவரை எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். 'நிர்வாகத்தின் விருப்பத்துக்கு உட்பட்டு' என்று வரும் ஒவ்வோர் இடத்திலும் கோடு போடச் சொல்லுங்கள். கோடு போட்ட இடத்தில் இருக்கும் பணம், பணமல்ல. தகுதிகாண் காலம் எத்தனை மாதம், அது முடிந்ததும் உறுதிசெய்து கடிதம் தருவார்களா? நீங்கள் விலகினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, அவர்கள் விலக்கினால் எத்தனை நாள்? (இரண்டும் ஒன்றாக இருக்காது, பார்த்து வையுங்கள்.) பயிற்சிச் செலவு என்று சொல்லி, இத்தனை வருடத்துக்குள் போனால் திருப்பிக் கட்டவேண்டும் என்று எங்காவது இருக்கிறதா? வாயால் சொன்ன வாக்குறுதி எதுவும் கடிதத்தில் இல்லையென்றால், 'நாம் பேசியபடி' என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் போட்டுவிடச் சொல்லுங்கள். வேலை தருவதற்கு முன்னால் பணம் கேட்பவன் வேலை தருபவன் இல்லை. இதற்கு விளக்கமே தேவையில்லை.

கடன் பற்றிச் சொன்னீர்கள். இன்னொரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள், முதல் சம்பளம் வாங்கியவர்கள் வண்டி வாங்கப் போகும்போது விழுகிற குழி. கடன் 12,000, ஒரு வருடம், '10 சதவீதம்தான்'. வட்டி 1,200, ஆக மொத்தம் 13,200, மாதம் 1,100. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 12,000 முழுதாக உங்கள் கையில் இருப்பது முதல் மாதம் மட்டும்தான். மாதாமாதம் அசலும் குறைகிறது, வட்டி மட்டும் முழு அசலுக்கும் வாங்கப்படுகிறது. குறைகிற நிலுவைக்குக் கணக்கிட்டால் அது வருடத்துக்கு 18 சதவீதத்தை ஒட்டி வரும். 'நிலையான வட்டியா, குறையும் நிலுவைக்கு வட்டியா' என்ற ஒரே கேள்வியைக் கேட்கத் தெரிந்தால் போதும். விற்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

புள்ளிவிவரப்புழு

கரும்பலகை மேடத்தின் அனுபவத்துக்கு ஆராய்ச்சி ஆதாரமே இருக்கிறது, ஆறுதலா அவமானமா தெரியவில்லை. 2014-இல் டேனியல் பெர்னாண்டஸ், ஜான் லின்ச், ரிச்சர்ட் நெட்மேயர் மூவரும் நிதிக் கல்வி பற்றிய 201 ஆய்வுகளை ஒன்றாகப் போட்டு அலசினார்கள். மக்கள் பணத்தைக் கையாளும் விதத்தில் ஒருவருக்கொருவர் இருக்கும் வேறுபாட்டில், இப்படிப்பட்ட வகுப்புகளால் விளக்க முடிந்தது 0.1 சதவீதம். ஆயிரத்தில் ஒரு பங்கு. பல மணி நேரம் நீண்ட வகுப்புகளின் விளைவும் இருபது மாதத்தில் தேய்ந்து ஒன்றுமில்லாமல் போகிறது என்றார்கள். அவர்கள் சொன்ன மாற்று: முடிவு எடுக்கப்போகிற நேரத்துக்கு ஒட்டினாற்போல் சொல்லிக் கொடு.

கதை அதோடு முடியவில்லை. 2022-இல் டிம் கைசர், அன்னமரியா லுசார்டி முதலியோர், குலுக்கல் முறையில் குழு பிரித்துச் செய்த 76 சோதனைகளை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, அறிவிலும் நடத்தையிலும் நல்ல மாற்றம் தெரிந்தது. ஆகவே பயனே இல்லை என்று கைவிடவும் வேண்டாம்.

முதல் வகுப்பின் முதல் பத்து நிமிடத்துக்கு ஒரு யோசனை. லுசார்டியும் ஒலிவியா மிட்செலும் 2004-இல் அமெரிக்காவில் ஐம்பது வயது தாண்டியவர்களிடம் மூன்று கேள்வி கேட்டார்கள். நூறு போட்டு வருடம் 2 சதவீத வட்டி என்றால் ஐந்து வருடத்தில் 102-ஐத் தாண்டுமா, தாண்டாதா? வட்டி 1 சதவீதம், விலைவாசி ஏற்றம் 2 சதவீதம் என்றால் ஒரு வருடம் கழித்து அதே பணத்தில் அதிகம் வாங்கலாமா, குறைவாகவா? ஒரே நிறுவனத்தின் பங்கில் போடுவதைவிடப் பல நிறுவனப் பங்குகள் அடங்கிய நிதியில் போடுவது அபாயம் குறைந்ததா? மூன்றுக்கும் சரியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான். உங்கள் பிள்ளைகளிடம் பெயர் எழுதாத சீட்டில் கேட்டுப் பாருங்கள். அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியும்.

அந்தப் பச்சைப் பொத்தான் பையனுக்கு ஒரு மனக்கணக்கு. 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் தொகை இரட்டிக்கும் காலம். மாதம் 3 என்றால் 24 மாதம். எதுவுமே கட்டாமல் விட்டால் இரண்டு வருடத்தில் இரண்டு மடங்கு. இதைப் புதிதாகக் கண்டுபிடித்த வித்தை என்று யாராவது காணொளி போட்டால் நம்பாதீர்கள், 1494-இல் வெனிஸில் அச்சான லூக்கா பச்சோலியின் கணித நூலிலேயே இருக்கிறது.

என் கட்சி: ஆறில் இரண்டு மணி நேரத்தைச் செலவழிக்காமல் வையுங்கள். அவர்கள் முதல் சம்பளம் வாங்குகிற மாதத்துக்கு.

கரும்பலகை

சம்பளப்பட்டியல் சார், அடிக்கோலைப் படித்ததும் என் ஆய்வுக்கூட அலமாரியைத் திறந்து எண்ணிவிட்டேன், நாற்பத்தொன்று இருக்கிறது.

புள்ளிவிவரப்புழு, 0.1 சதவீதத்தைத் துறைத் தலைவரிடம் சொல்லப் போவதில்லை, வகுப்பையே ரத்துசெய்துவிடுவார். ஆனால் இரண்டு மணி நேரத்தை ஒத்திவைப்பது பிடித்திருக்கிறது. படித்து முடித்துப் போனவர்களுக்கு வருகைப் பதிவேடு எப்படிப் போடுவது என்று அலுவலகம் கேட்கும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பணத்துக்குப் பதில் வந்துவிட்டது. வேலைக்கு யாரும் வாய் திறக்கவில்லையே? உடை, கைகுலுக்கல் வேண்டாம்.

ரெண்டாவதுவருஷம்

மேடம், நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. உங்கள் முதல் வரிசைப் பையன் மாதிரிதான் நானும். கல்லூரியில் நன்றாகப் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: தெரியவில்லை என்று சொல்ல வராது.

சேர்ந்த இரண்டாவது வாரம். பழைய வாடிக்கையாளர் பட்டியல் இரண்டை ஒப்பிட்டு, ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லாதவர்களைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார்கள். அரை நாள் வேலை. எந்த எண்ணை வைத்து ஒப்பிடுவது என்று எனக்குப் புரியவில்லை. பக்கத்து இருக்கை அக்காவிடம் கேட்கலாம். ஆனால் அவர் காதில் ஹெட்போன் மாட்டி வேலையில் மூழ்கியிருந்தார், தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைத்தேன் (பொய். கேட்டால் மட்டம் என்று நினைப்பார் என்பதுதான் உண்மை). நானே ஒரு நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்துவிட்டேன். மேலாளர் தினமும் சாயங்காலம் எட்டிப் பார்த்து "எப்படிப் போகுது?" என்பார். "போயிட்டிருக்கு சார்."

மூன்றாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்து விநாடி பார்த்தார். நான் ஒப்பிட்டது வாடிக்கையாளர் எண்ணை அல்ல, விலைப்பட்டியல் எண்ணை. எல்லாம் வீண். அவர் கத்தவில்லை. "மூணு நாள் போனது பரவாயில்லை தம்பி. மூணு நாளும் 'போயிட்டிருக்கு'ன்னு சொன்ன பாரு, அதுதான் எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கு நீ சொல்றதை நான் எப்படி நம்புவேன்?" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். வேலை கொடுத்தவுடன் நான் புரிந்துகொண்டதை மூன்று வரியில் திருப்பி எழுதி அனுப்புவேன்: என்ன செய்யப்போகிறேன், எதை வைத்து, எப்போது தருவேன். தப்பாக இருந்தால் அந்த நிமிடமே திருத்துவார்கள். அரை மணி நேரம் முட்டி மோதியும் வழி தெரியவில்லையென்றால் எழுந்து போய்க் கேட்டுவிடுவேன். கேட்கும்போது 'புரியலை' என்று மட்டும் சொல்வதில்லை. 'இதுவரை இதைச் செய்தேன், இங்கே நிற்கிறேன், இதுவா அதுவா' என்று கேட்பேன். முன்பு நான் பயந்த அதே அக்கா இப்போது என்னிடம் வந்து சந்தேகம் கேட்கிறார்.

வகுப்பில் இதைப் பேச்சாகச் சொன்னால் ஏறாது. வேண்டுமென்றே அரைகுறையாக ஒரு வேலையைக் கொடுங்கள், முக்கியமான ஒரு தகவலை மறைத்து. யார் எழுந்து வந்து கேட்கிறார்கள் என்று பாருங்கள். என் வகுப்பாக இருந்தால் யாரும் வந்திருக்க மாட்டோம்.

அப்புறம் ஒரு விஷயம். இந்த வேலை எனக்கு நெருங்கிய நண்பன் மூலம் வரவில்லை. இரண்டே தடவை பேசியிருந்த ஒரு சீனியர் சொல்லித்தான் வந்தது. அவருக்குக் கடிதம் எழுதக் கூச்சமாக இருந்தது, நாலு நாள் எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் ஐந்து வரிதான் போனது. அதே நாளில் பதில் வந்தது.

புள்ளிவிவரப்புழு

குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும், இதற்கும் ஆய்வு இருக்கிறது (பழக்க தோஷம்). மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் எழுதிய கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் 'அந்த நாட்களில் அவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்' என்று கேட்ட கணக்கு வருகிறது. அடிக்கடி பார்ப்பவர் என்றவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது, 55.6. அரிதாக, 27.8. காரணம் எளிது: நம் நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். தூரத்து அறிமுகம்தான் நமக்கு எட்டாத இடத்துச் செய்தியைக் கொண்டுவரும். ரெண்டாவதுவருஷம் எழுதிய அந்த ஐந்து வரிக் கடிதத்தை வகுப்பிலேயே எழுத வைத்து, வகுப்பு முடிவதற்குள் அனுப்பவும் வைக்கலாம். வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் நாலு நாள் அழிப்பார்கள்.

கடைசிபெஞ்ச்

மேடம், கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்லோரும் நல்லதைத்தான் சொல்கிறார்கள், ஆனால் இந்த வகுப்புகளில் எனக்கு ஒரு எரிச்சல் உண்டு. எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. எனக்கும் இப்படி ஒரு வகுப்பு எடுத்தார்கள். வந்தவர் 50-30-20 என்று பலகையில் எழுதினார். வரவில் பாதி அவசியத்துக்கு, முப்பது விருப்பத்துக்கு, இருபது சேமிப்புக்கும் கடனுக்கும். 2005 வாக்கில் எலிசபெத் வாரன் தன் மகளோடு சேர்ந்து பரப்பிய கணக்கு அது, தப்பான கணக்கு இல்லை. ஆனால் என் முதல் சம்பளத்தில் வாடகையே பாதியைத் தின்றது. வீட்டுக்கு அனுப்புவது எந்தப் பெட்டியில் வரும்? அவசியமா, விருப்பமா? கேட்டேன். 'முதலில் உங்களைக் கவனியுங்கள்' என்றார். அதோடு அவர் சொன்ன எதையும் நான் கேட்கவில்லை.

எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியது இது. வீட்டுக்கு எவ்வளவு என்று முதல் மாதமே ஒரு எண்ணை முடிவுசெய், அதை வாய்விட்டுச் சொல்லிவிடு, நிலையாக அனுப்பு. நான் அப்படிச் செய்யவில்லை. கேட்டபோதெல்லாம் கேட்டதை அனுப்பினேன், ஒரு மாதம் முடியாதபோது வீட்டில் ஏமாற்றம், எனக்குக் குற்றவுணர்ச்சி, அந்தக் குற்றவுணர்ச்சிக்குக் கடன் வாங்கி அனுப்பினேன். கையில் கொஞ்சம் மீந்தால் அவசரத்துக்கென்று தனிக் கணக்கில் ஒதுக்கு என்கிறார்கள், மூன்று மாதச் செலவு, ஆறு மாதச் செலவு என்று. சரிதான், ஆனால் அதைக் கேட்டாலே மலைப்பு. நான் தொடங்கியது ஒரு வாரச் செலவில். அந்த ஒரு வாரம் கையில் இருந்ததால்தான் ஒருமுறை பல்வலிக்குக் கடன் வாங்காமல் போனேன்.

இன்னொன்று, ஜாமீன் கையெழுத்து. வேலையில் சேர்ந்த ஆறாவது மாதம் உடன் தங்கியிருந்தவன் ஒரு தாளை நீட்டினான், "சும்மா சாட்சிக்குத்தான்டா" என்று. சாட்சி வேறு, ஜாமீன் வேறு. அவன் கட்டாமல் போனபோது மூன்று வருடம் நான் கட்டினேன். நட்பும் போயிற்று. மேடம், 'முடியாது' என்று சொல்ல ஒரு மணி நேரம் பழக்குங்கள். இருவர் இருவராக உட்கார வைத்து, ஒருவன் கெஞ்ச வேண்டும், இன்னொருவன் மறுக்க வேண்டும், காரணம் சொல்லாமல். காரணம் சொன்னால் காரணத்துக்குப் பதில் இருக்கும்.

சம்பளம் போதாமல் இருப்பவனிடம் சிக்கனம் மட்டும் பேசாதீர்கள். அதே வேலைக்கு மற்ற இடத்தில் என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரிக்கவும், நாலு பேரைக் கேட்டு ஒரு எண்ணோடு போய் உட்காரவும் கற்றுக்கொடுங்கள். எனக்கு அது தெரிய நாலு வருடம் ஆனது.

புள்ளிவிவரப்புழு

கடைசிபெஞ்ச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு சேர்க்கை, பிறகு போய்விடுகிறேன். இப்போது சேமிக்க முடியாதவர், அடுத்த சம்பள உயர்வில் ஒரு பகுதி தானாகவே சேமிப்புக்குப் போகட்டும் என்று இன்றே எழுதிக் கொடுத்துவிடலாம். கையில் வராத பணத்தை இழப்பதாக மனம் நினைப்பதில்லை. ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் ஒரு நிறுவன ஊழியர்களிடம் இப்படிச் செய்து பார்த்து 2004-இல் வெளியிட்டார்கள்: சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதத்தில் சம்பளத்தின் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமானது.

கரும்பலகை

நேற்று முதல் வகுப்பு முடிந்தது. எழுதாமல் தூக்கம் வரவில்லை.

பலகையில் ஒரு கேள்வி எழுதினேன்: 'ஒரு பொருள் ஒவ்வொரு மாதமும் 0.9785 மடங்காகக் குறைகிறது. அரை ஆயுட்காலம் என்ன?' மூன்று நிமிடத்தில் பாதி வகுப்பு 32 என்றது. எந்தத் தனிமம் என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். பச்சைப் பொத்தானின் படத்தை வரைந்தேன். அப்போது விழுந்த அமைதி, இத்தனை வருடத்தில் கதிரியக்கத்துக்கு விழுந்ததில்லை. வகுப்பு முடிந்ததும் மூன்று பேர் நின்றார்கள். இரண்டு பேரிடம் ஏற்கெனவே அட்டை இருக்கிறது. மூன்றாமவள் தன் அப்பாவுடையதைப் பற்றிக் கேட்டாள்.

மூன்று கேள்விச் சீட்டும் கொடுத்தேன். முடிவைப் புழுவிடம் சொல்லமாட்டேன், கட்டுரை எழுதிவிடுவார்.

அடுத்த வாரம் சம்பளச் சீட்டும் வேலைக் கடிதமும். மூன்றாவது வகுப்பு 'முடியாது' பயிற்சி. கடைசிபெஞ்ச், நீங்கள் முடிந்தால் நேரில் வந்து கெஞ்சுகிறவராக உட்காருங்கள், உங்களுக்கு அந்த வசனம் தெரியும். நான்காவதில் அரைகுறை வேலையும் ஐந்து வரிக் கடிதமும். மீதி இரண்டு மணி நேரத்தை அலுவலகம் 'பழைய மாணவர் சந்திப்பு' என்ற பெயரில் ஒப்புக்கொண்டது. யாருக்கு முதல் சம்பளம் வந்தாலும் அந்த வாரமே சீட்டோடு தொலைபேசியில் பேசலாம் என்று எண் கொடுத்திருக்கிறேன். பச்சைப் பொத்தான் பையனும் வருகிறேன் என்றிருக்கிறான். போன மாதம் குறைந்தபட்சத்தைப்போல மூன்று மடங்கு கட்டினானாம், அட்டையை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறானாம்.

சம்பளப்பட்டியல் சார், அந்தப் பெயர் அழித்த சீட்டு சனிக்கிழமைக்குள் கிடைத்தால் நகலெடுத்துவிடுவேன்.

சம்பளப்பட்டியல்

தனிச் செய்தியில் அனுப்பிவிட்டேன் மேடம். பதினாலு வரி. அதில் ஒரு வரியில் வேண்டுமென்றே ஒரு தப்பு வைத்திருக்கிறேன். எந்த வரி என்று உங்களுக்கும் சொல்லமாட்டேன். அடிக்கோலை இறக்கிக்கொண்டே வாருங்கள்.